முடிவு தெரிந்த யுத்தம்

ஜாசினிலிருந்து ஆசாகானுக்குப் போகும் சாலையில் போன மாதம் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். கட்டிப்பால் ஏற்றிய லாரி. முந்திப்போக இடம் கொடுக்காத வளைவுகள். பின்னாலிருந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, கண்ணாடிய ஏத்துங்க" என்றாள். எனக்கு ஏற்ற மனம் வரவில்லை. மங்கில் உறைந்து, சாக்கில் கட்டிக் கிடந்து, மழையில் ஊறிப் புளித்த ரப்பர் பாலின் நாற்றம் அது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நாற்றத்தோடு லயம் வரும், பெரட்டு வரும், காண்டா சுமந்த அம்மா வருவாள். எனக்கு அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு சீனப் படக்கதை வந்து நின்றது.

காரணம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அம்மாவோடு தீம்பாருக்குப் போய்க் கட்டிப்பால் பொறுக்கிக் கொடுப்பேன். பத்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, குளித்து, சட்டை மாற்றி, சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவேன். துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் விரல் இடுக்கிலிருந்து அந்த வாசனை போகாது. டவுனில் நான் போவது ஒரு சீனர் மளிகைக் கடைக்கு. முன்னால் அரிசி மூட்டை, கருவாடு, மண்ணெண்ணெய். உள்ளே போகப் போக இருட்டு. கடைசியில், பழைய சைக்கிள் டயர்கள் தொங்கும் சுவருக்குக் கீழே ஓர் அலமாரி நிறைய வாடகைப் புத்தகங்கள். தவுக்கே என் கையை ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்புறக் குழாயைக் காட்டுவார். போய் இன்னொரு தரம் கழுவிவிட்டு வந்தபிறகுதான் புத்தகம் தொடலாம்.

எனக்குச் சீனம் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு டவுன் இடைநிலைப் பள்ளிக்கு வந்தவன். தவுக்கேயின் கடைசி மகன் என் வகுப்பு. அவன்தான் எனக்கு வாசித்துக் காட்டுவான். அரிசி மூட்டைமேல் இருவரும் ஏறி உட்கார்ந்துகொள்வோம். புத்தகம் அவன் மடியில். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, கதாபாத்திரம் பேசுவதை மலாயில் சொல்வான். மலாயில் வராதது சீனத்தில் வரும். சண்டை உச்சத்துக்குப் போனால் எங்கள் தோட்டத்துப் பையன்களிடம் பொறுக்கிய தமிழும் வரும். "மச்சா, இவன் பேசறது பொய்" என்று குரலைத் தாழ்த்தி அவன் சொல்லும்போது, கி.பி. 200-இல் வாழ்ந்த ஒரு சீனத் தளபதி என் பக்கத்துவீட்டுக்காரன் ஆகிவிடுவான்.

அந்தப் படக்கதையின் பெயர் 'ஹுவோ ஃபெங் லியாவ் யுவான்'. ஆங்கிலத்தில் 'தி ரேவேஜஸ் ஆஃப் டைம்' என்பார்கள். ஹாங்காங்கைச் சேர்ந்த சான் மௌ எழுதி வரைவது. 2001-இல் தொடங்கியது. 70 தொகுதிகளைத் தாண்டியும் முடியவில்லை. சீனாவின் மூன்று ராஜ்யங்களின் கதைதான் அடித்தளம். ஹான் பேரரசு சரிந்து, நாடு துண்டுதுண்டாகி, கடைசியில் மூன்று அரசுகளாக நின்று மோதிக்கொண்ட காலம். பதினான்காம் நூற்றாண்டில் லுவோ குவான்சுங் எழுதியதாகச் சொல்லப்படும் நாவல் அந்தக் காலத்தை 120 அத்தியாயங்களில் சொல்கிறது. சீனர் வீட்டில் பிறந்த குழந்தை அந்தப் பெயர்களைப் பாலோடு குடித்துவிடும், நம் வீட்டில் பீமனையும் அர்ச்சுனனையும் குடிப்பதுபோல.

அலமாரியில் வேறு படக்கதைகளும் இருந்தன. ஹாங்காங் சண்டைக் கதைகளில் பெயர்பெற்ற 'லுங் ஹூ மென்' வரிசை வோங் யுக் லோங் 1970-இல் தொடங்கியது. மா விங் ஷிங்கின் 'ஃபெங் யுன்' 1989-இல் வந்தது. முழு வண்ணத்தில், ஒல்லியாக, வாராவாரம் வரும் இதழ்கள். பக்கத்தைத் திருப்பினால் குத்து. அடுத்த பக்கம் உதை. உள்ளங்கையிலிருந்து நெருப்பு கிளம்பும், மலை பிளக்கும். எழுத்துத் தெரியாத எனக்கு அவைதான் சுலபம். முதலில் அவற்றைத்தான் விழுந்து விழுந்து பார்த்தேன். அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மா விங் ஷிங் வரைந்த ஓர் அங்கியின் மடிப்பை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது.

சான் மௌவின் புத்தகம் கறுப்பு வெள்ளை. கனத்த நூல். அதில் போர் வருகிறது என்று நண்பன் சொல்வான், போர் வராது. இருவர் கூடாரத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். எத்தனை நாளைக்குத் தானியம் இருக்கிறது, எந்தப் பாதையில் சேறு, எவன் கடிதம் எவன் கைக்குப் போனது என்று பேச்சு. இடையில் ஒரு பக்கம் முழுக்க வசனமே இல்லாமல் கொடி, குளம்பு, ஒரு கண். மறுபடி பேச்சு. நண்பன் வசனமில்லாத பக்கங்களைச் சட்டென்று திருப்பப் பார்ப்பான், அவனுக்கு வாசிக்க ஒன்றுமில்லையே! நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். "துங்கு டூலு." பொறு. அந்தப் பக்கங்களை மட்டும்தான் யாருடைய உதவியும் இல்லாமல் நானே வாசிக்க முடிந்தது. அவன் வசனத்தை வாசித்தான், நான் மௌனத்தை வாசித்தேன். இருவரும் சேர்ந்து ஒரு தொகுதியை முடிக்க இரண்டு மூன்று சனிக்கிழமை ஆகும்.

இவ்வளவு மெதுவாக நகரும் கதை எனக்கு ஏன் சலிக்கவில்லை என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். அதற்குப் பாட்டிதான் காரணம்.

எங்கள் லயத்து அஞ்சடியில் பாட்டி பாரதம் சொல்வாள். எழுதப் படிக்கத் தெரியாது. அவளுடைய அப்பா கோவிலில் பாரதம் படிக்கக் கேட்டு, கேட்டதையெல்லாம் மனசில் அடுக்கிவைத்திருந்தாள். வெற்றிலை இடித்துக்கொண்டே சொல்வாள். அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போன ஒரே ஒரு பகலை அவள் ஒரு வாரம் சொன்னாள். வாசலில் நிற்கும் ஜயத்ரதன் என்ன நினைத்தான், தேர்ச்சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, உத்தரை அந்த நேரம் எங்கே இருந்தாள், துரோணருக்குக் கை நடுங்கியதா என்று எல்லாம் வரும். அண்டை வீட்டுப் பொடியன் பொறுக்கமாட்டாமல், "செத்துடுவானா பாட்டி?" என்றான். பாட்டி உலக்கையை நிறுத்தினாள். "அவன் சாவான்னு ஊருக்கே தெரியும்டா. எப்படிச் சாவான்னுதானே கேக்க வந்திருக்கே?"

எனக்கு இதைவிட நல்ல இலக்கிய விளக்கத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததில்லை. முடிவு தெரியாத கதை வேகமாகப் போயாக வேண்டும். முடிவு தெரிந்த கதைக்கு மெதுவாகப் போக உரிமை உண்டு. மூன்று ராஜ்யங்களின் கதையை வாசிக்கும் சீனப் பிள்ளைகளுக்கு யார் எங்கே சாவார்கள் என்று தெரியும். மூன்று அரசுகளில் ஒன்றுகூடக் கடைசியில் நிலைக்கவில்லை என்றும் தெரியும். சிமா யியின் பேரன் சிமா யான், மூன்றில் ஒன்றான வெய்யின் அரசரை இறக்கிவிட்டு ஜின் வம்சத்தைத் தொடங்கி, 280-இல் நாடு முழுவதையும் தன்கீழ் கொண்டுவந்தார். சான் மௌ தன் கதையின் மையத்தில் இளவயதுச் சிமா யியை நிறுத்தியதே இதை நினைத்துத்தான் என்று எனக்குத் தோன்றும். யார் வெல்வார்கள் என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே தள்ளி வைத்துவிட்டார். மிச்சமிருப்பது மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது ஒன்றுதான். அதை அவசரமாக வரைய முடியாது.

சிமா குடும்பம் இந்தக் கதையில் பெரும் வணிகக் குடும்பம். அதனால் போர்க்களத்துக்கு முன்னால் கணக்குப் புத்தகம் வந்துவிடுகிறது. குதிரை என்ன விலை, தானியம் யார் கையில், எந்தப் பிரபுவுக்குக் கடன் கொடுத்தால் அவன் எத்தனை நாள் தாங்குவான். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து இதை வாசித்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. கி.பி. 200-இல் குவாந்துவில் சாவ் சாவும் யுவான் ஷாவும் மாதக்கணக்கில் எதிரெதிரே படுத்துக் கிடந்தார்கள். யுவான் ஷாவிடம் படை பெரிது. சாவ் சாவிடம் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. யுவான் ஷாவின் பக்கத்திலிருந்து மனம் கசந்து வந்த ஷூ யோ என்ற ஆலோசகர் வூசாவ் என்ற இடத்தில் தானியக் கிடங்கு இருப்பதைச் சொன்னார். சாவ் சாவ் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் அதைக் கொளுத்தினார். பெரும்படை கலைந்தது. வாள் வீச்சைவிட ஒரு கிடங்குத் தீ பெரியது என்று சரித்திரமே சொல்கிறது. நண்பன் அதைச் சொன்ன அன்று நாங்கள் உட்கார்ந்திருந்த மூட்டைகளை இருவரும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டோம்.

சண்டையே இல்லாத கதை என்று நினைத்துவிடக் கூடாது. வரும். வந்தால் உடம்பு சிலிர்க்கும். கதாநாயகன் லியாவ் யுவான் ஹுவோ, ஊனமுற்ற வீரர்கள் என்று பெயர்கொண்ட கொலையாளிக் கூட்டத்தின் தலைவன். சிமா குடும்பத்துக்காக வாளெடுப்பவன். இவன்தான் பின்னால் ஜாவ் யுன் என்ற பெயரில் சரித்திரத்துக்குள் நுழைகிறான். சாங்பானில் ஒற்றைக் குதிரையில், மார்பில் தலைவன் லியூ பெய்யின் குழந்தையைக் கட்டிக்கொண்டு எதிரிப் படையைப் பிளந்து வெளியே வந்ததாக நாவல் கொண்டாடும் அதே ஜாவ் யுன். பாட்டியிடம் நான் அந்தக் காட்சியைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள். "நம்ம அபிமன்யுவுக்கு வெளிய வர்ற வழி தெரியல. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. யாரு சொல்லிக் கொடுத்தாங்களாம்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை நண்பனைக் கேட்டேன். அவனும் விழித்தான்.

தோட்டத்துக் கோவிலுக்குப் பின்னால் அப்போது சிலம்பம் கற்றுக்கொடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்கு வாத்தியார் வருவார். பகலில் செம்பனைக் குலை வெட்டும் கை அது. முதல் சில மாதம் கம்பைத் தொடவே விடமாட்டார். சுவடு மட்டும்தான். முன்னங்கால், பின்னங்கால், திரும்பு, குறுக்கு. மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்டு அதன்மேலேயே நடக்க வைப்பார். மழை பெய்து கோடு அழிந்த பிறகும் கால் அதே இடத்தில் விழ வேண்டும். எங்களுக்கெல்லாம் கம்பைச் சுழற்ற ஆசை. அவர் கண்டுகொள்ளமாட்டார். ஒருநாள் எங்களில் பெரியவனைக் கம்போடு எதிரே நிற்கச் சொன்னார். தான் வெறுங்கையோடு நின்றார். அவன் வீச வீச, கால் மாற்றியே ஒதுங்கினார். ஒரு வீச்சுகூட மேலே படவில்லை. கடைசியில் அவன் மூச்சு வாங்கிக் கம்பைத் தாழ்த்திய நேரத்தில் ஓர் எட்டு வைத்துக் கம்பின் நடுவைப் பிடித்தார். சண்டை முடிந்தது. அவர் அடிக்கவே இல்லை.

அன்றைக்குப் பிறகு அந்தப் படக்கதையை நான் பார்த்த விதம் மாறிவிட்டது. ஆயுதம் மோதும் கட்டத்தை விட்டுவிட்டு, அதற்கு நாலு பக்கம் முன்னாலிருந்து கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன். குதிரை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, சூரியன் யார் முதுகில், எவன் முதலில் கண்ணை விலக்குகிறான். சான் மௌ அதையெல்லாம் வரைந்து வைத்திருந்தார். வாள் உறையிலிருந்து வரும்போது யார் விழப்போகிறார்கள் என்பது முடிவாகியிருக்கும். தற்காப்புக் கலையை இவ்வளவு மரியாதையோடு காட்டிய படக்கதையை நான் இன்னும் பார்க்கவில்லை. வேகமான கதைகள் அடியைக் காட்டும். இது அடிக்கு முந்தின நிதானத்தைக் காட்டியது.

தவுக்கேக்கு இந்தப் புத்தகம் பிடிக்காது. வாடகைக்கு விடுவார், ஐம்பது சென் வாங்கிப் பெட்டியில் போடுவார், ஆனால் பிடிக்காது. அவர் மூன்று ராஜ்யங்களின் கதையை, அவர் வாயில் சாம் கொக், ஹொக்கியனில் கேட்டு வளர்ந்தவர். கடையின் மேல்தட்டில் செவ்வகச் சிவப்பு மாடத்தில் குவான் யூ இருப்பார், செந்நிற முகம், நீண்ட தாடி, கையில் வளைவாள். நாவலில் அந்த வாளின் எடை 82 காத்தி. காலையும் மாலையும் ஊதுபத்தி. மலாக்கா டவுனில் கோவில் தெருவில் இருக்கும் செங் ஹூன் தெங் கோவிலில் குவான் யின் அம்மனோடு குவான் யூவுக்கும் சன்னிதி உண்டு. பள்ளி விடுமுறையில் ஒருமுறை தவுக்கே எங்கள் இருவரையும் அங்கே கூட்டிப்போனார். அங்கிருந்து நடந்தே பொற்கொல்லர் தெருவுக்கு வந்து, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவிலில் நான் கும்பிடும்வரை வெளியே செருப்பைக் கழற்றாமல் காத்திருந்தார். டச்சுக்காரர்கள் செட்டி சமூகத் தலைவர் தவிநாயகருக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்த கோவில் அது. வெளியே வந்ததும், "உன் சாமிக்கு யானைத் தலை, எங்கள் சாமிக்குச் சிவப்பு முகம். ரெண்டு பேரும் பேச்சு மாறமாட்டாங்க" என்றார்.

பேச்சு மாறுவதுதான் அவருக்கும் இந்தப் படக்கதைக்கும் தகராறு. நாவலில் லூ பூ என்பவன் மாவீரன், மடையன், துரோகி. சான் மௌ அவனை யோசிக்கிறவனாக்கிவிட்டார். அவன் செய்யும் ஒவ்வொரு துரோகத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு. அவனுக்கும் அவனை மகனாக ஏற்றுக்கொண்ட துங் ஜுவோவுக்கும் இடையில் பகை மூட்டியதாக நாவல் சொல்லும் அழகி தியாவ் சானின் இடத்தில், ஷியாவ் மெங் என்ற கொலையாளி வேடம் போட்டுக்கொண்டு போகிறான். தவுக்கே இதைக் கேட்டு மேசையைத் தட்டினார். இடக்கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். "பெத்த அப்பன் ஒண்ணு. திங் யுவான் ரெண்டு. துங் ஜுவோ மூணு. மூணு அப்பன் பேர் வச்சவன், ரெண்டு பேரைக் கொன்னவன். அவனுக்கு என்ன மூளை?"

அப்போது பாட்டி கடையில் இருந்தாள். மாதக் கணக்குத் தீர்க்க என்னோடு வந்திருந்தாள். எங்கள் வீட்டுக் கடன் முழுவதும் ஒரு 555 நோட்டுப் புத்தகத்தில் இருந்தது, உள்ளங்கை அகலம், முனை சுருண்டது. பக்கத்துக்கு ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் வாங்கியது, அந்தப் பக்கம் கொடுத்தது. பாட்டி சந்தை மலாயில் கேட்டாள், அந்தப் பிள்ளையைச் சின்ன வயசில் யார் வளர்த்தார்கள் என்று. தவுக்கே கைவிரல் மடக்கியபடியே நின்றார். பாட்டி கர்ணன் கதையை ஆரம்பித்துவிட்டாள். பெற்றவள் ஆற்றில் விட்டாள், தேரோட்டி வீட்டில் வளர்ந்தான், அரசன் வீட்டில் சோறு தின்றான். "அவனுக்கும் மூணு வீடு தவுக்கே. அவன் கெட்டவனா?" தவுக்கே ஒரு கடலை மிட்டாய் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். அவன் சொன்ன பேச்சைக் காப்பாற்றினானா என்று கேட்டார். காப்பாற்றினான், அதனால்தான் செத்தான் என்றாள் பாட்டி. அப்படியென்றால் அவன் குவான் யூ, லூ பூ இல்லை என்றார் தவுக்கே. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அரைமணி நேரம் போயிற்று. சாமான் வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். கடைசியில் 555 புத்தகத்தில் கூட்டலைப் போட்டுப் பார்த்தபோது தவுக்கே இரண்டு வெள்ளியைக் குறைத்து எழுதியிருந்தார். பாட்டி அதைத் திருத்தச் சொல்லி, முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

இந்தக் கதை இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூரில் வாழ்ந்த பினாங்குப் பெரானாக்கான் சான் கிம் பூன் என்பவர் மூன்று ராஜ்யங்களின் கதையைப் பாபா மலாயில் 'சாம் கொக்' என்று 1892 தொடங்கி 1896 வரை 30 பாகமாகக் கொண்டுவந்திருக்கிறார், ரோமன் எழுத்தில், படங்களோடு. சீனம் வாசிக்கத் தெரியாமல் வீட்டில் மலாய் பேசிய பாபாக்களுக்கும் நோன்யாக்களுக்கும் அதுதான் வழி. எழுத்துத் தெரியாத ஒருவனுக்கு இந்தக் கதையை மலாயில் சொல்லிக் கொடுக்கும் வேலையை என் நண்பனுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். அது முடிந்த அதே 1896-இல்தான் மலாக்கா பாபாவான டான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம். பிறகு புக்கிட் ஆசாகானில் இன்னும் பெரிதாக நட்டார். அங்கிருந்துதான் எங்கள் கதையும் தொடங்குகிறது. பாட்டியின் அப்பா கப்பலேறி வந்து லேடாங் மலையடியில் உளி பிடித்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது. பாபாக்களின் வீட்டுக்குள் சாவ் சாவும் லியூ பெய்யும் மலாய் பேசி முடித்த வருஷமும் எங்கள் சோற்றுக்கு வழிசெய்த மரம் மலாக்கா மண்ணில் ஊன்றப்பட்ட வருஷமும் ஒன்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு என் பள்ளிப் படிப்பு முடியும் சமயத்தில் வந்தது. பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவு. பிறகு அதுவும் போய் வீடமைப்பு வரும். எங்கள் முடிவும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எவரும் அதை நினைத்து ஓடவில்லை. கோவில் வாசலில் கூட்டம் போட்டார்கள். மாற்று வீடு, நஷ்டஈடு, கோவில் நிலம் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். ஒரு வாரம் பேசியதை மறு வாரம் மறுபடி பேசினார்கள். ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் ஒவ்வொரு கடிதத்தையும் சத்தம்போட்டு வாசித்து, தமிழில் சொல்லி, யாருக்காவது புரியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாசிப்பார். இளைஞர்கள் சிலருக்கு எரிச்சல். எனக்கு எரிச்சல் வரவில்லை. தானியம் எத்தனை நாளைக்கு என்று கூடாரத்தில் உட்கார்ந்து பேசும் பக்கங்களை அத்தனை சனிக்கிழமை பார்த்திருந்தேன். அந்தக் கிராணியின் பொறுமையால்தான் கோவிலுக்கு ஒரு துண்டு நிலமும், இருபது முப்பது குடும்பங்களுக்கு ஜாசின் பக்கம் வீடும் கிடைத்தன. முழுசாகக் கேட்டது கிடைக்கவில்லை. கிடைத்தது அந்த மெதுவான பேச்சில் கிடைத்தது.

பாட்டி புது வீட்டில் இரண்டு தீபாவளி பார்த்தாள். அஞ்சடி இல்லாத வீட்டில் பாரதம் சொல்ல அவளுக்கு இடம் அமையவில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு, நடுவே கார். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் தொலைக்காட்சித் தொடர். தவுக்கேயும் போய்விட்டார். கடையை மகன்கள் எடுத்து நடத்தவில்லை. இப்போது அங்கே கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். வாடகைப் புத்தகங்களை எடைக்குப் போட்டிருப்பார்கள். 555 நோட்டு இன்னும் பலசரக்குக் கடைகளில் விற்கிறது, கடன் எழுதத்தான் ஆளில்லை.

நண்பன் ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். புதுத் தொகுதி வந்தால் வாங்கிவிடுவான். படித்து முடித்ததும் எனக்குக் குரல் செய்தி அனுப்புவான், மலாயில், நீளமாக, சாலை நெரிசலில் நின்றபடி. 2023-இல் இந்தக் கதை இயங்குபடத் தொடராகவும் வந்தது. இருவரும் பார்த்தோம். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனாலும் திரை தன் வேகத்துக்கு நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. குதிரை நின்றது, அடுத்த நொடி ஓடிவிட்டது. யாருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவது? தாளில்தான் நாம் விரும்பிய இடத்தில் நிற்கலாம். இந்தக் கதைக்கு அந்த நிற்றல் வேண்டும். அது இல்லாதபோது லூ பூ மறுபடி வெறும் மாவீரன் ஆகிவிடுகிறான் என்பது என் எண்ணம். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இசை பிரமாதம் என்கிறான்.

என் மகள் சீனப்பள்ளியில் படிக்கிறாள். எங்கள் உறவில் இப்போது பாதிக் குழந்தைகள் அப்படித்தான். தமிழ்ப்பள்ளியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு வலி உண்டு. பள்ளியில் எண்ணிக்கை குறைவதைப் பார்க்கிறோம். வீட்டில் தமிழ் எழுத்தைச் சனி ஞாயிறுகளில் நானே சொல்லிக் கொடுக்கிறேன், விடாமல். அவளுக்கு நண்பன் முதல் சில தொகுதிகளை அனுப்பிவைத்தான். இப்போது வாசித்துக்காட்டுவது அவள். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, தமிழில் சொல்கிறாள். இந்தக் கதையை முதல்முறையாக நான் தமிழில் கேட்கிறேன். சிமா யி எங்கள் வீட்டுத் தமிழில், "நீங்க என்ன வேணா சொல்லுங்க, நான் கேக்க மாட்டேன்" என்கிறான். அவளுக்கும் வசனமில்லாத பக்கத்தைத் திருப்பும் அவசரம் இருக்கிறது. நான் நிறுத்துகிறேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுப் பார்க்கிறாள். பார்த்தபிறகு, நான் கவனிக்காத ஏதாவதொன்றைச் சொல்கிறாள். போன வாரம் ஒரு குதிரையின் காதைக் காட்டி, "அதுக்குப் பயம்ப்பா" என்றாள். உண்மைதான், காது பின்னால் மடங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பதிலாக ராத்திரியில் நான் பாரதம் சொல்கிறேன். பாட்டி அளவுக்கு என்னால் நீட்ட முடியவில்லை. அபிமன்யு மூன்று நாளில் முடிந்துவிட்டான். கர்ணனுக்கு வந்திருக்கிறோம். கவச குண்டலத்தைக் கேட்டு இந்திரன் கிழவன் வேஷத்தில் வந்த இடத்தில் நிறுத்தி, லூ பூவும் கர்ணனும் பற்றிக் கடையில் நடந்த வழக்கை அவளுக்குச் சொன்னேன். தவுக்கே விரல் மடக்கியதையும் பாட்டி திருப்பிக் கேட்டதையும் இரண்டு பக்கமும் குறையாமல் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"தவுக்கே சொன்னதுதாம்ப்பா சரி" என்றாள். "கர்ணன் கொடுத்தான். லூ பூ எடுத்துக்கிட்டான்."

நான் இன்னும் பாட்டி கட்சிதான். மகளிடம் சொல்லியிருக்கிறேன், லூ பூ ஷியாபீ கோட்டையில் மாட்டிக்கொள்ளும் தொகுதிவரை படித்துவிட்டு வா, மறுபடி பேசுவோம் என்று.